பக்கம் நாற்பத்தொன்று, வரி ஒன்பது

ஹிலோவில் அன்று மழை. ஹிலோவில் என்றும் மழை.
மன்றக் கூடத்தின் வாசலில்
குடைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன,
எது எந்தத் தரப்பின் குடை என்று தெரியாமல்.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை விளக்கு, மஞ்சள், சிவப்பு.
நான் இலோகானோவுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில்.
மணிக்கு இவ்வளவு என்று கூலி; கருத்துக்குக் கூலி இல்லை.
"அவர் சொல்கிறார்" என்று நான் சொல்லக்கூடாது.
விதி அது. யார் பேசினாலும் "நான்."

ஆகவே காலை ஒன்பது மணிக்கு
எனக்கு இருபத்தாறு தேனீப் பெட்டிகள் இருந்தன,
ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள்.
அவள் தட்டில் விழுவது என்னவென்று
தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்றேன்
யூசெபியோ தும்லாவோவின் இடது காதில்.
வலது காது அவருக்குக் கேட்காது.

பிறகு நான் ஓய்வுபெற்ற தாவர நோய் நிபுணர்.
வைரஸின் மேலுறையிலிருந்து ஒரு துணுக்கு,
அதை மரத்துக்குள் வைத்தால்
மரம் நோயை வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்ளும்;
நோய்ப்பட்ட பழத்தில் அதே துணுக்கை
மனிதர்கள் முன்பே தின்றிருக்கிறார்கள், ஆனால்
சிவப்பு.
அந்த "ஆனால்" என் வாயிலேயே தங்கிவிட்டது.
மதியச் சோற்றோடும் இறங்கவில்லை.

நோஹேயா எழுந்தாள்.
கலோக் கிழங்கு எங்கள் மூத்த அண்ணன்,
அவனுக்குப் பின் பிறந்தவர்கள் நாங்கள்,
அண்ணன் உடம்பில் கைவைக்க யாரைக் கேட்டீர்கள் என்றேன்.
தும்லாவோ தலையைச் சாய்த்து
"பப்பாளி அவளுக்கு என்ன முறை?
கேட்டுச் சொல்" என்றார்.
கேலியில்லை. உண்மையாகவே கேட்டார்.
கேட்க எனக்கு நிமிடம் இல்லை.

அவர் முறை வந்தது. தொப்பியைக் கழற்றினார்.
ஆறு ஏக்கர், என்றேன்.
தண்டில் எண்ணெய் வழிந்தாற்போல் கோடு,
காயில் வளையம் வளையமாய்ப் புள்ளி.
அந்த வருஷம் எல்லாவற்றையும் நானே வெட்டினேன்.
புது விதை கொடுத்தார்கள், நட்டேன், காய்த்தது.
போன ஜூலையில் ஒரு ராத்திரி யாரோ வந்து
இடுப்பு உயரத்தில் வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள்.
இரண்டு வெட்டையும் பார்த்தவன் நான்.
என் வெட்டு சாய்வாக இருக்கும், தண்ணீர் தேங்காது.
அவர்கள் வெட்டியது நேராக இருந்தது.
விவசாயி வெட்டில்லை அது.

மஞ்சள்.

"இதைத்தான் நாம் தின்கிறோம்" என்றார்.

அவர் பேச்சில் நாம் வேறு, நாங்கள் வேறு.
ஒன்று கேட்பவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தும்.
மற்றது அவனுக்கும் இலை போடும்.
அவர் சொன்னது இலை போடும் சொல்.
தேனீக்காரியும் அதில் இருந்தாள், நோஹேயாவும்,
நேராக வெட்டியவனும் இருந்தான்.
ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.
அதைச் சொன்னேன்.
பின்வரிசையில் ஒரு குரல்: "நீங்களே தின்னுங்கள்!"
கைதட்டல். தலைவர் சுத்தியலைத் தட்டினார்.
தும்லாவோ என்னைப் பார்த்தார்.
நான் அவருடைய தொப்பியைப் பார்த்தேன்.

அப்புறம்தான் உறைத்தது:
காலையிலிருந்து அந்த ஒற்றைச் சொல்லை
அவர் காதுக்குக் கொண்டுபோகும் போதெல்லாம்
எந்தக் கதவு என்று தீர்மானித்தவள் நான்.
யாரும் கேட்கவில்லை.
பெரும்பாலும் "நாங்கள்" என்றே போட்டிருந்தேன்.

வாக்கு எப்படிப் போனதென்பது வேறு சங்கதி.
வண்டி நிறுத்துமிடத்தில்
செய்தித்தாளில் சுற்றி ஒரு பழம் கொடுத்தார்.
என் கட்சி என்னவென்று கேட்கவில்லை.
வீட்டில் குறுக்கே அறுத்தேன்.
நடுவில் ஐந்து முனைக் குழி, நிறைய விதை.
பாதி தின்றேன். இனிப்புதான்.
மீதியை ஏன் மூடிவைத்தேன் என்று கேட்காதீர்கள்.
எனக்கு யாரும் மூன்று நிமிடம் ஒதுக்கவில்லை.

அடுத்த வாரம் பதிவேட்டு அறைக்குப் போனேன்.
பக்கம் நாற்பத்தொன்று, வரி ஒன்பது,
ஒரு சொல் தவறு என்றேன்.
எழுத்தர் படிவத்தை எடுத்தாள்,
என்ன இருக்க வேண்டும் என்றாள்.
சொன்னேன்.
அவள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.

"அதேதானே இருக்கிறது?"